சாவு வீட்டில் சொல்லிக்கொள்வதில்லை

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் 'வணக்கம்' சொல்லிக்கொடுக்கவே இல்லை. வணக்கம் சொல்லித் தாம்பரம் மார்க்கெட்டில் யாரும் ஒரு கீரைக்கட்டு வாங்கி நான் பார்த்ததில்லை. 'எவ்ளோ', 'கொஞ்சம் கொறைங்க', 'இங்க நிறுத்துங்க' என்றுதான் ஆரம்பித்தேன். சில வாரங்கள் போனபின் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏய், இங்க வா. போறேன்னு சொல்லக் கூடாது. போயிட்டு வரேன்னு சொல்லணும்."

"ஏன்க்கா? நான் போறேன்தானே?"

"போறேன்னா ஒரேயடியா போறேன்னு அர்த்தம். எங்க வீட்ல யாராவது அப்படிச் சொல்லிட்டா எங்கம்மா திரும்ப உள்ள கூப்பிட்டு, ஒக்காரவெச்சு, தண்ணி குடிக்கவெச்சு, ஒழுங்கா சொல்லச் சொல்லித்தான் அனுப்புவாங்க."

அவள் அதைத் தன் மொழியில் மற்ற பெண்களுக்குச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரையும் நிற்கவைத்து ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தேன். அவளுடைய அம்மாவுக்கு மட்டும் 'ட்டு' வரவே இல்லை. "போயித்து வரேன்" என்றார். பரவாயில்லை, புரிகிறது என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் பர்மாவிலிருந்து வந்தவர்கள். பேப்பரில் மியான்மர் என்று போடுகிறார்கள், எங்கள் சபையில் வயதானவர்களுக்கு இன்னும் அது பர்மாதான். மலைப்பக்கத்து மக்கள். ஊரில் சண்டை பெரிதாகி, வீடுகள் எரிந்து, எல்லை தாண்டி மிசோரத்துக்கு வந்து, அங்கே பிழைப்பில்லாமல், யாரோ சொன்ன ஒரு வேலையை நம்பி இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஓர் ஆலயத்தைத் தேடிப் போனார்கள், அது எங்களுடையதாக இருந்தது. ஒரு வரி தமிழ் தெரியாமல் முழு ஆராதனையும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுக்கு மட்டும் ராகம் தெரிந்து, வேறு வார்த்தைகளில் சேர்ந்து பாடினார்கள். அதைக் கேட்டு எங்கள் போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதமே ஆலயத்துக்குப் பின்னால் உள்ள ஹாலில் 'புலம்பெயர்ந்த குடும்பங்கள், இளையோர் ஆதரவுத் திட்டம்' என்று ஒரு ஃபிளெக்ஸ் பேனர் ஏறியது. இணையத்திலிருந்து எடுத்த சிரிக்கும் குழந்தைகளின் படம். அந்தக் குழந்தைகள் எந்த நாட்டுக் குழந்தைகள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கிண்டல் செய்கிறேனே தவிர, நாங்கள் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வாங்கினோம், டியூஷன் எடுத்தோம், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனோம், வீடு பார்த்துக் கொடுத்தோம். வீடு பார்ப்பதுதான் பெரிய தலைவலி. முகத்தைப் பார்த்ததும் "நேபாளியா?" என்பார்கள். இல்லை என்றால் "மணிப்பூரா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம் மேடம்" என்பார்கள். 'டு லெட்' போர்டு கேட்டில் தொங்கிக்கொண்டேயிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கும் அவளுடைய அம்மாவுக்கும் செம்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷன் பிடித்துக் கொடுத்தது நான்தான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கும் பகுதி, அதனால் ஓனர் அதிகம் கேள்வி கேட்கவில்லை. கீழே அவரும் அவருடைய மகளும். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓனரம்மா வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் மாடிக்குப் போகும்.

பெண்ணுக்கு அப்போது பதினாறு முடிந்திருக்கும். ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி நாங்கள் கேட்பதில்லை, அவளும் சொன்னதில்லை. அம்மாவுக்குப் பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மோமோ விற்கும் ஒரு கடையில் வேலை. அவர்கள் ஊரில் மோமோ என்று ஒன்று கிடையவே கிடையாது. சென்னைக்கு வந்து கற்றுக்கொண்டார். பிள்ளைகள் அவரை "நேபாளி ஆன்ட்டி" என்று கூப்பிட, அவரும் திரும்பிப் பார்ப்பார். பெண் பள்ளி விட்டதும் மின்சார ரயிலேறி அங்கே போய் உதவுவாள். பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் அவள் கற்ற தமிழ் என் வகுப்பில் கற்ற தமிழைவிட வேகமாக வளர்ந்தது. "இன்னாக்கா, இன்னிக்கு டல்லா கீறே?" என்று என்னைக் கேட்கும் அளவுக்கு. அப்படிப் பேசாதே என்று நான் கண்டிப்பேன். மனசுக்குள் சிரிப்பு வரும்.

ஆனால் விடைபெறும் பாடத்தை மட்டும் அவள் என்னிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் நகர மாட்டாள். ஆட்டோக்காரரிடம், மருந்துக்கடையில், ஏடிஎம் வாட்ச்மேனிடம்கூட "போயிட்டு வரேண்ணா" என்பாள். அந்த வாட்ச்மேன் அடுத்த முறை அவளுக்காக எழுந்து கதவைத் திறந்தார் என்று பெருமையாக வந்து சொன்னாள்.

அவள் ப்ளஸ் டூ வந்த வருடம், மழைக்கு முன்னால் அவளுடைய அம்மா மெலிய ஆரம்பித்தார். கேட்டால் "நல்லா இருக்கேன்" என்பார், அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். கண் மஞ்சளானபோதுதான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். ஈரலில் ஆரம்பித்து எங்கெங்கோ பரவிவிட்டது. நல்ல மனிதர், அவருக்கே சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. என்ன கேட்டாலும் குடுங்க" என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்ட எந்தத் தமிழ்க் குடும்பமும் அதற்குமேல் டாக்டரிடம் எதுவும் கேட்காது. வராந்தாவில் நின்று அவளிடம் அதை அப்படியே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. டாக்டர் ஏதோ சலுகை கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ. உள்ளே போய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.

"அம்மாக்கு ஒண்ணும் வேணாமாம்க்கா. வூட்லயே இருக்கணுமாம். கடைசில ஆளுங்க கூட இருக்கணுமாம். அவ்ளோதான்."

பிறகு தன் ஊர் வழக்கத்தைச் சொன்னாள். அங்கே ஒருவர் சாகக் கிடந்தால் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். செத்தபிறகும் தினம் சாயங்காலம் வந்து பாடுவார்கள். தேநீர் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வயசுப்பிள்ளைகள் அங்கேயே படுத்துக்கொள்வார்கள். சாவு வீட்டார் தனியாக இருக்கக் கூடாது. "இங்க எங்காளுங்க கொஞ்சம் பேருதான். ஆனா நீங்கல்லாம் கீறீங்க இல்லக்கா?" என்றாள்.

இருக்கிறோம் என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஓனரம்மா போன் செய்து வரச்சொன்னார். போனதும் காபி கொடுத்தார். காபி கொடுத்த விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்தப் பொம்பளைய பாத்தா எனக்கே வயிறு எரியுது. ஆனா வாடகை வீட்ல சாவு விழுந்தா எப்படி? அப்புறம் அந்த போர்ஷனுக்கு யாரு வருவா? பொண்ணுக்கு வேற இப்பதான் ஒரு எடம் அமைஞ்சிருக்கு. தை மாசம் பேசி முடிக்கணும். மாடியில ஒரு சாவுன்னு கேள்விப்பட்டா அவங்க அப்படியே போயிடுவாங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் நாங்களும் சேலையூரில் வாடகைக்குத்தான் இருக்கிறோம். எங்கள் ஓனர் சர்ச்சில் முதல் வரிசையில் உட்காருபவர், அவரும் இதே காபியைக் கொடுத்து இதே வார்த்தைகளைத்தான் சொல்வார். சென்னையில் வாடகைக்கு இருப்பவன் வாழலாம், பிள்ளை பெறலாம், சாகத்தான் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு அதை ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆதரவுத் திட்டக் குழு கூடியது. டீ, சமோசா, ஜெபம். கூடுவாஞ்சேரி தாண்டி உள்ளே, கடைசிக் காலத்தில் இருப்பவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாக ஒருவர் சொன்னார். வலிக்கு மருந்து கொடுப்பார்கள், சுத்தமாக இருக்கும், அன்பானவர்கள். எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. "வீட்ல வெச்சு அந்தச் சின்னப் பொண்ணு என்னத்தப் பாத்துக்கும்?" என்றார்கள். நியாயமான கேள்வி. வலி தாங்காமல் அந்தம்மா சுவரைப் பிறாண்டுவதை நானே பார்த்திருந்தேன். அதனால்தான் நானும் தலையாட்டினேன். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை மட்டும் எங்களால் செய்ய முடியவில்லை என்பதை அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெண்ணிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "அங்க யாருக்கா கூட இருப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். மதியம் பார்க்க அனுமதிப்பார்கள் என்றேன்.

வேன் வந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவில் தண்ணீர். நாற்காலியில் உட்காரவைத்து மாடியிலிருந்து இறக்கினோம், அந்தம்மா ஒரு துணி மூட்டை கனம்கூட இல்லை. கேட்டருகில் ஓனரம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். நாற்காலி அவரைத் தாண்டும்போது அந்தம்மா கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எல்லோரும் நின்றோம். அவர் ஓனரம்மாவைப் பார்த்து, மெதுவாக, எழுத்து எழுத்தாக, "போயித்து வரேன்" என்றார்.

ஓனரம்மா விக்கித்துப் போய்விட்டார். அந்த வார்த்தைக்கு நம்மிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. வேறு எதையும் சொல்ல வாய் வராது. "போயிட்டு வாங்க" என்றார். சொல்லிவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். நான் வேனில் ஏறி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். என் அழுகையை அந்தப் பெண் பார்க்கக் கூடாது என்று இருந்தது.

பெண்ணுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது, ஒரு வாரநாள் காலையில் அந்தம்மா போய்விட்டார். இல்லத்தில் என் நம்பர் கொடுத்திருந்ததால் எனக்குத்தான் போன் வந்தது. ஆபீசில் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய்ப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தவளை வெளியே கூப்பிட்டேன். பேனாவை மூடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். "யாரு கூட இருந்தாங்க?" என்றாள். ஒரு சிஸ்டர் இருந்தார்கள் என்றேன். இருந்திருப்பார்கள். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

செம்பாக்கத்து வீட்டுக்கு உடலைக் கொண்டுபோகும் பேச்சே எழவில்லை. ஆலயத்து ஹாலில் வைத்தோம். பேனரைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அந்தச் சிரிக்கும் குழந்தைகளுக்குக் கீழேயே பெட்டி இருந்தது. சபை திரண்டு வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. மாலைகள், பாட்டுகள், எங்கள் கல்லறையிலேயே இடம். அடக்கம் முடிந்து அவளைச் செம்பாக்கத்தில் கொண்டுவிடப் பலரும் வந்தார்கள். ஓனரம்மா கேட்டருகில் கால் கழுவ ஒரு வாளியில் தண்ணீர் வைத்திருந்தார்.

மாடியில் அவள் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தாள் என்பது ஏறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் ஆட்களில் இரண்டு பெண்கள் முன்பே வந்து, மோமோ கடையிலிருந்து வாங்கி வந்த பெரிய பாத்திரத்தில் டீ போட்டிருந்தார்கள். அடுக்கடுக்காகப் பேப்பர் கப். யார் யாரிடமோ கேட்டு வாங்கிய பாய்கள் சுவரோரம் விரித்திருந்தன. மூலையில் ஒரு கிட்டார். எங்களையெல்லாம் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் வந்தார்கள். பாயின் நுனியில் உட்கார்ந்தார்கள். அடக்கத்துக்குப் போய்வந்தவர்களுக்கு வீட்டுக்குப் போய்க் குளிக்கும் அவசரம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினார்கள். நாங்கள் நாள் நட்சத்திரம் பார்ப்பதை விட்டுத் தலைமுறைகள் ஆகின்றன. இது ஒன்றை மட்டும் விட்டதில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அது எங்கள் கால்களுக்கே தெரியும்.

அவள் டீ கப்போடு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாகப் போதகரும் இறங்கிப்போனபிறகு என்னிடம் வந்தாள்.

"எல்லாருக்கும் எம்மேல இன்னா கோவம்க்கா?"

"கோவமா? யாருக்குடி கோவம்?"

"யாருமே போயிட்டு வரேன்னு சொல்லலியே. பாஸ்டர்கூட சொல்லல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாடத்தில் இந்தப் பாதியை நான் சொல்லவேயில்லை. எந்த ஆசிரியர் முதல் வருடத்தில் இதைச் சொல்லிக்கொடுப்பார்? "சாவு வீட்ல சொல்லிக்கக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னா, இன்னொரு சாவுக்கு வரேன்னு ஆயிடும். அதான் சும்மா போறாங்க. மரியாதைதான் அது" என்றேன்.

அவள் கையிலிருந்த டீ கப்பைக் கீழே வைத்தாள்.

"எங்கூர்ல சாவு வூட்டுக்குத்தான்க்கா திரும்பத் திரும்ப வருவாங்க" என்றாள்.

நான் பாயில் உட்கார்ந்து டீ குடித்தேன். ஆறிப்போயிருந்தது. இன்னொன்றும் குடித்தேன். அந்த இரண்டு பெண்களும் கிட்டாரை எடுத்து ஒரு பாட்டு ஆரம்பித்தார்கள். ராகம் தெரிந்ததுதான், நானும் தமிழில் சேர்ந்துகொண்டேன். ஒரு அறைக்கு எங்கள் குரல்கள் போதவில்லை. வெளியே வெளிச்சம் குறைந்தபோது எழுந்தேன். படி அருகில் நின்று, நன்றாகச் சத்தமாகவே, "போயிட்டு வரேன்" என்றேன். கீழே நின்றிருந்த ஓனரம்மா, "ஐயய்யோ, என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க!" என்று பதறினார். சொன்னால் சொன்னதுதான் என்று நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் போனேன். குழுவில் சிலரைத் திட்டி அழைத்துப்போனேன். அதற்கடுத்த நாள் அவர்களில் ஒருவர் வந்தார். பிறகு நான் மட்டும். மழை பெரிதாகித் தெருவில் முழங்கால் தண்ணீர் வந்தபிறகு என்னாலும் போகமுடியவில்லை, போனில் பேசினேன். ஞாயிறு ஆராதனையில் அவளுக்காக உருக்கமாக ஜெபித்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. இதை நான் எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டாலும் மனசு ஆறவில்லை.

அந்த வீட்டில் சாவே விழவில்லை. இருந்தும் பொங்கலுக்கு முன்னால் ஒரு பெயின்டர் வந்து மாடிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். ஓனரம்மா காலி செய்யச் சொல்லவில்லை. பெண்ணே புரிந்துகொண்டாள். மிசோரத்தில் ஒரு சித்தி இருந்தார், வரச்சொல்லிக்கொண்டே இருந்தார். பரீட்சையை முடித்துவிட்டுப் போ, எங்கேயாவது ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறேன் என்று மன்றாடினேன். "அங்க நெறைய பேரு கீறாங்கக்கா" என்றாள்.

வடகிழக்குக்குப் போகும் ரயில் தாம்பரத்திலிருந்தே கிளம்புகிறது. பிளாட்பாரத்துக்குக் குழுவில் எல்லோரும் வந்திருந்தார்கள். பிஸ்கட், பிரெட், ஒரு புது போர்வை. போதகர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். ஓனரம்மாகூட ஆட்டோ பிடித்து, ஒரு டப்பா புளியோதரையோடு வந்திருந்தார். அவள் எல்லோரிடமும் வரிசையாகப் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினாள். என்னைக் கட்டிக்கொண்டாள். எல்லாம் செய்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னடி இது, ஊர் பூரா சொல்லுவே, எங்ககிட்ட சொல்லாம போறியே. ஒழுங்கா சொல்லிட்டுப் போ" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது.

அவள் கம்பிக்குள்ளிருந்து என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. அம்மா அதச் சொல்லிக்கினுதான் போச்சு."

ரயில் நகர்ந்தது. அவள் விடும்வரை கம்பியோடு கூடவே நடந்தேன்.